வேட்டைத் துவக்கும் தோட்டாவும்: ஒரு வரலாற்று நோக்கு

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் இங்கிலாந்திலே செய்யப்பட்ட இரட்டைக்குழல் வேட்டை றைபிள் ஒன்றின் குழல்களைக் கழற்றி, அவற்றின் அடிப்புறத்தை நோக்கின், அங்குச் சில முத்திரைகளும் எண்களும் பொறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். 480 கிறெயின் எடையுள்ள ரவைக்கு 70 கிறெயின் கோடைற்று என்பது அத்தகைய பொறிப்புகளுள் ஒன்றாகும். 7000 கிறெயின் ஓர் இறாத்தலுக்குச் சமமாகும். அத்துவக்கு எவ்வளவு வெடிமருந்தைத் தாங்கும் என்று அரச அங்கீகாரம் பெற்ற சோதனைமனையொன்று வழங்கிய சான்றே இப்பொறிப்பாகும். இலண்டனிலே துவக்குச் செய்வோர் சங்கம் 1637ஆம் ஆண்டுப் பட்டயத்தின்படியும், பேர்மிங்காம் சோதனைமனை 1813ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் இவ்வதிகாரத்தைப் பெற்றிருந்தன.

கல்வெட்டையும் செப்பேட்டையும் ஆவணமாகக் கொள்ளும் வரலாற்று மாணவன் இவ்விரும்புப் பொறிப்பையும் ஆவணமாகக் கொள்ளுதல் தகும். ஒரு பேரரசின் தொழில்நுட்பம், வாணிபம், அச்சம் ஆகிய மூன்றும் இதிலே பதிந்துள்ளன. வேட்டைக்காரன் தன் தோட்டாவைத் தானே செய்த காலம், ஆலை அதனைச் செய்து கொடுத்த காலம், ஆலை கைவிட்டபின் மீண்டும் தனிமனிதர் தம் கையாற் செய்யத் தலைப்பட்ட காலம் என இவ்வரலாற்றை மூன்று கட்டங்களாகப் பகுக்கலாம். இம்மூன்று கட்டங்களும் குடியேற்ற ஆட்சியின் எழுச்சி வீழ்ச்சிகளோடு எவ்வாறு பொருந்தி நின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது கட்டம்: வாய்வழித் துவக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வேட்டைத் துவக்குகள் பெரும்பாலும் வாய்வழியாக மருந்து இடப்படுவனவாகவே இருந்தன. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றின் கலவையான கறுப்பு வெடிமருந்தை அளந்து குழலினுட் கொட்டி, எண்ணெய் தோய்ந்த துணியிற் சுற்றிய ஈயக் குண்டை அதன்மேல் வைத்து, கோலினால் இடித்து இறுக்குதல் வேண்டும். ஒவ்வொரு வேட்டுக்கும் இச்செய்கை முழுவதும் திரும்பவும் நிகழ்ந்தாக வேண்டும். ஈயத்தை உருக்கி அச்சில் வார்ப்பதும் வேட்டைக்காரனின் வேலையே. யானையின் தலையோட்டில் மெல்லிய ஈயம் நசுங்கிவிடுமாதலால் அதனோடு தகரத்தையோ பாதரசத்தையோ சேர்த்துக் கடினமாக்கும் வழக்கமும் நிலவிற்று. துவக்கை வைத்திருந்தவன் எவனோ அவனே தோட்டாவின் கைவினைஞனுமாவான்.

இக்கட்டத்தின் வரலாற்றில் இலங்கைக்குச் சிறப்பான இடமுண்டு. நைல் நதி ஆய்வினாற் பின்னர் பெரும் புகழ்பெற்ற சேர் சாமுவேல் பேக்கர், 1840களின் நடுப்பகுதியில் இத்தீவுக்கு வந்து நுவரெலியாவிற் குடியேறி, 1855ஆம் ஆண்டளவில் இங்கிருந்து நீங்கியவர். அவருக்கென பிறிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் என்பார் 1840ஆம் ஆண்டில் ஒரு றைபிளைச் செய்து கொடுத்தார். அதன் நிறை 21 இறாத்தல். அதில் இடப்பட்ட மருந்து 16 திறாம், அதாவது ஓர் அவுன்சு. அதன் குண்டு மூன்று அவுன்சு எடையுடையது. கறுப்பு மருந்தினால் ரவைக்கு மிகுந்த வேகத்தைக் கொடுக்க இயலாது. ஆகவே வேகத்தாற் பெற முடியாத வலுவை எடையாற் பெறவேண்டியிருந்தது. எடை கூடக்கூட, அதிர்ச்சியைத் தாங்குதற்குத் துவக்கின் நிறையும் கூடிற்று. யானை வேட்டைக்குரிய துவக்குகள் சிறு பீரங்கிகளைப் போன்று பெருத்ததற்கு இதுவே காரணம்.

இத்துவக்குகள் இத்தீவில் விளைத்த அழிவு சிறிதன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் யானை உயிருள்ள வணிகப் பொருளாக மதிக்கப்பட்டது. வன்னியிலும் பிற இடங்களிலும் பிடிக்கப்பட்ட யானைகள் யாழ்ப்பாணத்துக்குக் கொணரப்பட்டு, இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. ஆனையிறவு என்னும் இடப்பெயர் அவ்வழியை இன்றும் நினைவூட்டுகின்றது. பிரித்தானியர் ஆட்சியில் இந்நிலை தலைகீழாயிற்று. பயிரழிக்கும் விலங்கு எனக் கருதப்பட்ட யானையைக் கொல்வோருக்கு அரசாங்கம் தலைக்குச் சில சிலிங் வெகுமதி வழங்கிற்று. 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 யானைகளுக்கும், 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் 2000 யானைகளுக்கும் வெகுமதி வழங்கப்பட்டதாக எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளிவந்த தமது நூலிற் குறிப்பிடுகின்றார். மேஜர் றோஜர்ஸ் என்னும் அதிகாரி 1400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பதும் அந்நூலின் கூற்றே. அவர் 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார்.

இங்கு ஒன்று நோக்கற்பாலது. ஒரு வேட்டுக்கு ஒரு முறை மருந்து இடித்து, புகை கலையும்வரை காத்திருந்து சுட்ட துவக்குகளே இவ்வளவு உயிர்களையும் மாய்த்தன. எனவே அழிவுக்குக் கருவியின் வேகம் மட்டும் காரணமாகாது. கொல்வதற்கு வெகுமதி வழங்கிய கொள்கையே முதற் காரணம். கருவி அக்கொள்கையின் கையாகவே தொழிற்பட்டது.

இரண்டாவது கட்டம்: ஆலைத் தோட்டா

1850களிலிருந்து மாற்றங்கள் விரைந்து வந்தன. பேர்டி என்னும் இலண்டன் நிறுவனம் 1856ஆம் ஆண்டளவில் இலேசான ரவைக்கு மிகுந்த மருந்திட்டு வேகத்தைக் கூட்டிய றைபிளொன்றைச் செய்து, அக்கால மக்களை வியப்பில் ஆழ்த்திய கடுகதிப் புகைவண்டியின் பெயரை அதற்கு இட்டது. எக்ஸ்பிறஸ் என்னும் சொல் வேட்டைத் துவக்குகளோடு ஒட்டிக்கொண்டமை இவ்வாறே. பின்வழியாகத் தோட்டா இடும் முறை பரவியபோது மருந்து, ரவை, தீப்பற்றவைக்கும் கேப்பு ஆகிய மூன்றையும் ஒரே பித்தளைக் கோதினுள் அடக்குதல் சாத்தியமாயிற்று.

அக்கேப்பினை அமைத்த முறையிலேயே பிற்கால வரலாற்றின் வித்து கிடந்தது. 1866ஆம் ஆண்டளவில் இரு வேறு முறைகள் தோன்றின. வூலிச் அரச ஆய்வுசாலையைச் சேர்ந்த எட்வேட் பொக்சர் என்னும் ஆங்கிலேயர் அமைத்த முறையில், அடித்தாங்கி கேப்பினுள்ளேயே இருக்கும். கோதின் அடியில் நடுவே ஒரு துளை மட்டும் உண்டு. அமெரிக்கரான ஹைரம் பேர்டன் அமைத்த முறையில், அடித்தாங்கி கோதின் ஒரு பகுதியாகவே அமையும். அதன் பக்கங்களிற் சிறு துளைகள் உண்டு. பொக்சர் கோதின் உள்ளே ஒரு கம்பியைச் செலுத்தி, வெடித்த கேப்பினை எளிதில் வெளியே தள்ளிவிடலாம். பேர்டன் கோதில் அது இயலாது. வரலாற்றின் விந்தை யாதெனில், ஆங்கிலேயரின் முறையை அமெரிக்காவும் அமெரிக்கரின் முறையை ஐரோப்பாவும் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டமையாகும். வெற்றுக் கோதை மீண்டும் நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் ஓங்கி வளர்ந்தமைக்கும் ஐரோப்பாவில் அருகியமைக்கும் இது ஒரு முக்கிய காரணம்.

அடுத்த மாற்றம் இரசாயனத்தால் வந்தது. பிரெஞ்சு இரசாயனவியலாளர் போல் வியேல் 1884இற் புகையற்ற வெடிமருந்தை ஆக்கினார். அல்பிரட் நோபல் 1887இல் பலிஸ்ரைற்று என்னும் மருந்தைக் கண்டார். 1889இல் பிரெடெரிக் ஏபலும் ஜேம்ஸ் டியூவாரும் பிரித்தானிய அரசுக்காகக் கோடைற்றை ஆக்கினர். நைத்திரோகிளிசரின் 58 வீதம், துவக்குப் பஞ்சு 37 வீதம், கனிய மெழுகு 5 வீதம் என்பன சேர்ந்த அப்பசையைத் துளைகளினூடே பிழிந்து கயிறு போல ஆக்கியமையால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. தமது கண்டுபிடிப்பைக் கோடைற்று மீறிவிட்டதென நோபலின் நிறுவனம் தொடுத்த வழக்கு 1895இல் பிரபுக்கள் சபையிலே தோல்வியுற்றது.

கறுப்பு மருந்து எரியும்போது அதன் எடையிற் பாதிக்கு மேற்பட்டது புகையாகவும் கரியாகவும் எஞ்சும். கோடைற்று ஏறக்குறைய முழுவதும் வாயுவாக மாறும். 120 கிறெயின் கறுப்பு மருந்து கொண்ட பழைய .450 எக்ஸ்பிறஸ் கோதில், ஜோன் றிக்பி நிறுவனம் 1898ஆம் ஆண்டளவில் 70 கிறெயின் கோடைற்றை இட்டது. 480 கிறெயின் ரவை செக்கனுக்கு ஏறத்தாழ 2150 அடி வேகத்தைப் பெற்றது. 21 இறாத்தல் துவக்கு செய்த வேலையை இனி அதன் பாதி நிறையுள்ள துவக்கே செய்யலாயிற்று.

ஆயின், இம்மருந்தோடு தோட்டா வேட்டைக்காரனின் கையை விட்டு நீங்கிற்று. கோடைற்றுக் கயிறுகளைக் கோதின் கழுத்து ஒடுக்கப்படுமுன்பே உள்ளே வைத்துப் பின்னரே கழுத்தை ஒடுக்குவர். இது ஆலையில் மட்டுமே இயலும் வேலை. மேலும், அக்காலக் கேப்புகளிலிருந்த பாதரசம் பித்தளையை நொறுங்கும் தன்மையுடையதாக்கிற்று. பொற்றாசியங் குளோரேற்று எரிந்து விட்ட உப்பு ஈரத்தை உறிஞ்சிக் குழலிலே துருவை ஏற்றிற்று. சுட்ட கோது பெரும்பாலும் எறியப்படும் பொருளாயிற்று. பேர்மிங்காமிலே 1862இல் தொடங்கப்பட்ட கைனொக் போன்ற ஆலைகளிலிருந்தே ஆபிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் தோட்டாக்கள் சென்றன. துவக்கு இங்குள்ளவனின் கையில் இருப்பினும் அதன் உயிர் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்தது எனலாம்.

இத்தொடர்பின் அரசியலை ஒரு தடை தெளிவாகக் காட்டுகின்றது. 1907ஆம் ஆண்டளவில் பிரித்தானிய அரசு .450 அளவுத் துவக்குகளையும் தோட்டாக்களையும் இந்தியாவிலும் சூடானிலும் இறக்குமதி செய்வதைத் தடுத்தது. 1871இற் படைக்கு ஏற்கப்பட்ட மார்ட்டினி-ஹென்றி றைபிள்கள் பலவும் அதே அளவின. அவை கிளர்ச்சியாளர் கைகளிலும் இருந்தன. வெள்ளையரின் வேட்டைத் தோட்டாவிலிருந்து ரவையைக் கழற்றி ஆளப்படுவோர் தம் துவக்குகளில் இடக்கூடும் என்னும் அச்சமே தடைக்குக் காரணம். உடனே இங்கிலாந்துத் துவக்கு நிறுவனங்கள் .465, .470, .475, .476 எனச் சிறிது பெருத்த அளவுகளை ஆக்கின. விலங்கைக் கொல்வதற்கு இவ்வேறுபாடுகளாற் பயன் ஏதுமில்லை. கைத்தோட்டாவைக் குறித்துப் பேரரசு கொண்ட அச்சத்தின் எண்வடிவங்களே அவை.

மக்னத்தின் தோற்றம்

இதே காலத்தில் யேர்மனியின் மவுசர் 1898ஆம் ஆண்டில் ஆக்கிய தாழ்ப்பாள் அமைப்பு, ஒரே குழலிலிருந்து பல வேட்டுகளை அடுத்தடுத்துச் சுடும் மலிவான துவக்கைச் சாத்தியமாக்கிற்று. இரட்டைக்குழல் றைபிளின் தோட்டாவுக்கு அடியிலே அகன்ற விளிம்பு உண்டு. அவ்விளிம்பே தோட்டா குழலினுள் அளவுக்கு மீறிப் புகாதபடி தடுத்து நிறுத்துகின்றது. மவுசரின் தோட்டாப் பெட்டியிலோ அகன்ற விளிம்பு ஒன்றிலொன்று மாட்டிக்கொள்ளும். ஹொலன்ட் அன்ட் ஹொலன்ட் நிறுவனம் இதற்குக் கண்ட தீர்வு, கோதின் அடிப்புறத்துக்குச் சற்று மேலே ஒரு தடித்த பட்டியை அமைத்தலாகும். 1905இல் ஒரு தோட்டாவில் முயன்று பார்க்கப்பட்ட இப்பட்டி, 1912இல் வெளிவந்த .375 ஹொலன்ட் அன்ட் ஹொலன்ட் மக்னம் தோட்டாவிற் புகழ்பெற்றது. பெரியது எனப் பொருள்படும் மக்னம் என்னும் இலத்தீன் சொல் பெரிய மதுப்போத்தலைக் குறிக்கவும் வழங்கியது. சாதாரண அளவிலும் மிகுந்த மருந்து கொள்ளும் தோட்டாவுக்கு அது பொருத்தமான பெயராயிற்று.

அத்தோட்டாவின் நீண்டு சரிந்த உடலும் ஒடுங்கிய சாய்தோளும் அழகுக்காக அமைந்தனவல்ல. கோடைற்று வெப்பத்தில் அழுத்தம் மிகுந்து எரியும் இயல்புடையது. இங்கிலாந்தின் குளிரில் அளவோடு நின்ற அழுத்தம் வெப்பவலய நாடுகளின் நண்பகலில் உயர்ந்து, வெடித்த கோது குழலறையோடு ஒட்டிக்கொள்ளும். காயமுற்ற எருமை எதிரே நிற்க, கோது வெளியே வரமறுக்குமாயின் அது உயிருக்கு இறுதியாகும். சரிந்த உடல் கொண்ட கோது சிறிது பின்னகர்ந்ததும் சுவரினின்று விடுபடும். ஆலைகள் வெப்ப நாடுகளுக்கென மருந்தைக் குறைத்த தோட்டாக்களையும் விற்றன. குடியேற்ற நாட்டின் வெயிலே அத்தோட்டாவின் வடிவத்தை வரைந்தது எனின் மிகையாகாது.

மூன்றாவது கட்டம்: மீண்டும் கைக்கு

அமெரிக்காவிலே நிலைமை வேறாக இருந்தது. கடைக்குத் தொலைவில் வாழ்ந்த குடியேறிகளுக்குப் பித்தளைக் கோது எறியத்தக்க பொருளன்று. கைத்தோட்டா செய்யும் கருவிகளை விற்கும் ஐடியல் நிறுவனத்தை ஜோன் பார்லோ 1884இல் தொடங்கினார். பிலிப் சார்ப் என்பாரின் விரிவான கைத்தோட்டா வழிகாட்டி 1937இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் படையினரிடம் எஞ்சிய வெடிமருந்தைப் புறூஸ் ஹொட்ஜ்டன் மலிவாக வாங்கி விற்றார். ஜோன் நொஸ்லர், ஜோய்ஸ் ஹோர்ணடி போன்றோர் 1940களின் பிற்பகுதியில் ரவைகளைத் தனியே செய்து விற்கத் தொடங்கினர். கோது, கேப்பு, மருந்து, ரவை ஆகிய நான்கும் தனித்தனியே கிடைத்தமையால் வீட்டு மேசையிலேயே தோட்டா உருவாகும் நிலை ஏற்பட்டது. .375 மக்னம் துவக்கை வின்செஸ்ரர் நிறுவனம் 1930களின் பிற்பகுதியில் ஆலைத் துவக்காக வெளியிட்டதும் ஆங்கிலேயச் செல்வரின் தோட்டா அமெரிக்கரின் பொதுச் சொத்தாயிற்று.

பிரித்தானியப் பேரரசோ சுருங்கிற்று. இந்தியா 1947இலும், தங்கனிக்கா, உகண்டா, கென்யா ஆகியன 1961 முதல் 1963 வரையிலும் விடுதலை பெற்றன. வேட்டையாடும் அதிகாரிகளும் தோட்டத்துரைமாரும் நீங்கியபின் பெருவேட்டைத் தோட்டாக்களுக்கு வாங்குவோர் அருகினர். 1926 தொடக்கம் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் பகுதியாயிருந்த கைனொக், 1960களில் அவற்றைக் கைவிடத் தொடங்கியது. எஞ்சிய றைபிள்கள் பேச்சிழந்தவை போலாயின.

ஆலைத் தோட்டாவும் எப்போதும் நம்பத்தக்கதாயிருக்கவில்லை. வின்செஸ்ரர் 1956இல் வெளியிட்ட .458 மக்னம் தோட்டாவில், குறுகிய கோதினுள் மருந்து நெருக்கி அடைக்கப்பட்டமையால் அது நாளடைவிற் கட்டியாகி, வேகம் குன்றியதென ஆபிரிக்க வேட்டைக்காரர் முறையிட்டனர். 1959இல் மொசாம்பிக்கில் எருமையாற் படுகாயமுற்ற ஜாக் லொற் என்பார் அதிலும் வலிய தோட்டாவை நாடி, பழைய .375 மக்னம் கோதிலிருந்தே 1971இல் .458 லொற் என்னும் தோட்டாவை ஆக்கினார். தனிமனிதனின் பட்டறை ஆலையைத் திருத்திய நிகழ்ச்சி இது.

பழைய இரட்டைக்குழல் றைபிளுக்கு உயிரூட்டுதல் இதனினும் நுட்பமான செயலாகும். ரவை குழலை விட்டு நீங்குமுன்பே துவக்கு அதிரத் தொடங்குகின்றது. வலக்குழல் வலப்புறமாகவும் இடக்குழல் இடப்புறமாகவும் விலகும். ஆகவே கைவினைஞர் இரு குழல்களையும் முன்னோக்கிச் சற்றே நெருங்குமாறு பற்றவைத்து, குறித்த ஒரு தோட்டாவைச் சுட்டுச் சுட்டு, இரு ரவைகளும் ஒன்றாகப் படும்வரை சரிசெய்தனர். வேகம் குறைந்த தோட்டாவை இட்டால் ரவை நெடுநேரம் குழலில் தங்க, இரு வேட்டுகளும் விலகிப் படும். வேகம் மிகுந்தால் அவை குறுக்கே கடக்கும். அத்துடன் முதிய எஃகுக்கும் ஆபத்தாகும். எனவே கைத்தோட்டா செய்வோன் தன் விருப்பப்படி வலுவைக் கூட்ட இயலாதவன். கோடைற்று இன்றில்லை, புதிய மருந்துகளோ பெரிய கோதின் இடமனைத்தையும் நிரப்புவதில்லை. வெற்றிடத்தினால் எரிதல் சீர்கெடாதிருக்கச் சிலர் மருந்தின்மேல் இலவம்பஞ்சை வைத்துப் பார்த்தனர். வேகத்தை அளக்கும் கருவியொன்று, குழலடியிலுள்ள பொறிப்பு, இலக்குத்தாளில் விழும் துளைகள் ஆகியவற்றை ஒப்புநோக்கி, மறைந்த கைவினைஞனின் கணக்கைச் சிறிது சிறிதாக மீட்கின்றனர். சிதைந்த ஏட்டின் பாடத்தைப் பிற சான்றுகளால் மீட்கும் பதிப்பாசிரியரின் பணியோடு இதனை ஒப்பிடுதல் பொருந்தும். இப்பணியினால் எழுந்த தேவையே பின்னர் ஆலையையும் மீட்டது. கைனொக் பெயரிலான பெருவேட்டைத் தோட்டாக்கள் 1990களில் இங்கிலாந்தில் மீண்டும் சிறு அளவில் உற்பத்தியாயின.

முடிவுரை

கருவி மீண்டும் உயிர்பெற்றபோது அது எதற்காகப் படைக்கப்பட்டதோ அவ்வுலகம் மறைந்திருந்தது. இலங்கையில் யானை முதலிய விலங்குகளின் அழிவைத் தடுக்கும் சட்டம் 1891இலும், வனவிலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டம் 1937இலும் இயற்றப்பட்டன. இந்தியா 1972இற் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. கென்யா 1977இல் வேட்டையைத் தடைசெய்தது. 1975இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை ஆசிய யானையின் வாணிபத்தையும், 1989இல் அதன் உறுப்புநாடுகள் எடுத்த முடிவு ஆபிரிக்க யானைத் தந்த வாணிபத்தையும் கட்டுப்படுத்தின.

இந்நிலையில் இத்துவக்குகளை வியந்து போற்றுவது மட்டும் வரலாறாகாது. வெறுத்து ஒதுக்குவதும் வரலாறாகாது. கோதின் சரிவில் வெப்பவலயத்தின் வெயில் உண்டு. .470 என்னும் எண்ணில் ஆளப்படுவோரைக் குறித்த அச்சம் உண்டு. குழல்களின் நெருக்கத்தில் பெயரறியாத கைவினைஞரின் பொறுமை உண்டு. வட மாகாணத்தின் 3500 யானைகளுக்கு இத்தகைய பொறிப்பு எதுவுமில்லை; வெகுமதிக் கணக்கின் ஓர் எண்ணாகவே அவை எஞ்சியுள்ளன. துவக்கின் வரலாற்றை எழுதுவோர் அவ்விரண்டு எண்களையும் ஒருசேர வாசித்தல் வேண்டும். துவக்குக்குக் கிடைத்த நுணுக்கமான கவனம் அத்துவக்கினால் அழிந்தவற்றின் வரலாற்றுக்கும் கிடைக்குமாயின், வன்னிக் காடுகளின் பத்தொன்பதாம் நூற்றாண்டு இன்னும் தெளிவாக நமக்குப் புலப்படும்.